மூன்று லட்சத்து ஒயரும் மந்தாரக்குப்பத்து மைக் செட்டும்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஸ்பீக்கருக்கு ஒயர் கேட்டுப் போகிறவரிடம் எலக்ட்ரிகல் கடைக்காரர் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை மீட்டர்? எந்த சைஸ்? கல்லாவில் இருப்பவர் பழைய ஆளாக இருந்தால் “பதினாலு முப்பத்தாறா, நாற்பது முப்பத்தாறா?” என்பார். முப்பத்தாறு கேஜ் செம்பு இழைகள் எத்தனை சேர்ந்த கம்பி என்பதுதான் அந்தக் கணக்கு. இளைய ஆளாக இருந்தால் “ஒன்னரையா, ரெண்டரையா?” என்று சதுர மில்லிமீட்டரில் முடித்துவிடுவார். வாங்க வந்தவர் இளையராஜா கேட்பவரா, எம்.டி.ராமநாதன் கேட்பவரா, அவருக்குக் குரல் முன்னால் வந்து நிற்க வேண்டுமா, வயலின் பளபளக்க வேண்டுமா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

விசாரித்து விற்கிற கடைகளும் உலகத்தில் இருக்கின்றன. 2007-இல் அமெரிக்காவின் பியர் கேபிள் என்ற நிறுவனம் ‘அஞ்சூ’ என்ற பெயரில் ஒரு ஸ்பீக்கர் கேபிளை விற்றுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு ஜோடி 7,250 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் மூன்று லட்ச ரூபாயை நெருங்கும். அந்தச் சந்தையில் இதைவிட விலை கூடிய சரக்கும் உண்டு என்பது வேறு விஷயம். அஞ்சூவைக் கேட்டுப் பார்த்த ஒரு விமர்சகர், எழுந்து ஆடத் தோன்றும் கேபிள் என்கிற தொனியில் புகழ்ந்து எழுதியும் விட்டார்.

அந்தப் புகழுரை ஜேம்ஸ் ராண்டியின் கண்ணில் பட்டது. மேடை மந்திரவாதியாக இருந்தவர். பிற்காலத்தில் கரண்டி வளைப்பவர்களையும் ஆவியோடு பேசுகிறவர்களையும் அம்பலப்படுத்துவதையே வேலையாக வைத்துக்கொண்டவர். அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அவருடைய அறக்கட்டளை நெடுநாளாக அறிவித்திருந்தது. ராண்டி அந்தப் பரிசை அஞ்சூ கேபிளுக்கும் நீட்டினார். சாதாரண நல்ல கேபிளையும் அஞ்சூவையும் மாற்றி மாற்றி இணைப்போம், எது எது என்று பார்க்காமல் காதால் மட்டும் சொல்லிவிட்டால் பணம் உங்களுடையது என்றார். ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையில் எழுதிவந்த மைக்கேல் ஃப்ரெமர் சவாலை ஏற்றார். ஆனால் பியர் நிறுவனம் கேபிள் தர மறுத்து விலகிக்கொண்டது. என் சொந்த கேபிளிலேயே செய்யலாமே என்று ஃப்ரெமர் கேட்டார். நிபந்தனைகளைப் பற்றிப் பேசியே அது முறிந்தது. இரு தரப்பும் மற்றவர்தான் ஓடினார் என்று சொல்லிக்கொண்டன. சோதனை மட்டும் நடக்கவே இல்லை.

இந்த வியாபாரத்துக்கு வயது அதிகமில்லை. எழுபதுகளின் பிற்பகுதி வரை அமெரிக்காவிலும் ஸ்பீக்கருக்கு மேசை விளக்கு ஒயர்தான். ஆம்ப்ளிபயர் வாங்கினால் கடைக்காரர் சும்மாவே நாலு மீட்டர் வெட்டிக் கொடுத்துவிடுவார். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்த நோயல் லீ என்பவர், தடித்த கம்பியைப் பளபளப்பான உறையில் போட்டு ‘மான்ஸ்டர் கேபிள்’ என்று பெயர் வைத்து 1979 வாக்கில் விற்கத் தொடங்கினார். தடித்த கம்பி மெல்லிய கம்பியைவிட நல்லது என்பதில் அவர் சொன்னது சரிதான். அதற்கு அப்பால் சொல்லப்பட்டவைதான் வம்பு.

கம்பி செய்கிற வேலை என்ன என்று பார்த்தால் விஷயம் பாதி தெளிந்துவிடும். ஆம்ப்ளிபயரிலிருந்து வரும் மின்னோட்டத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்பதால் ஐந்து மீட்டர் ஒயர் என்றால் மின்சாரத்துக்கு அது பத்து மீட்டர் பாதை. வழியில் கம்பியின் மின்தடை கொஞ்சம் தின்றுவிடும். பதினாலு முப்பத்தாறு ஒயரில் பத்து மீட்டர் பாதைக்கு ஏறத்தாழ 0.42 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். இழப்பு 0.44 டெசிபல். ரெண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே தூரத்துக்குத் தடை 0.08 ஓம், இழப்பு 0.09 டெசிபல். இப்போது ஒரு மாயக் கம்பியைக் கற்பனை செய்துகொள்ளலாம். தடையே சுத்தமாக இல்லாதது, விலை மூன்று லட்சம் அல்ல, முப்பது லட்சம். அது ரெண்டரை ஒயரைவிடத் தரக்கூடிய லாபம் அந்த 0.09 டெசிபல்தான். அதற்கு மேல் மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

அமெரிக்காவின் மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஒலி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்து, அதன் ஸ்பீக்கர்களை வடிவமைத்த ரோஜர் ரஸல் இதை ஒரு கைக்கணக்காகவே சொல்லி வைத்தார். ஒயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அனுமதி பாதியாகிவிடும். அதனால் கம்பியின் சதுர மில்லிமீட்டர் கணக்கு இரட்டிப்பாக வேண்டும். தூரம் கூடினாலும் அதே கதை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெல்லிய ஒயர் ஒலியைக் குறைக்கிறது, அவ்வளவுதானே, வால்யூமைக் கொஞ்சம் திருகினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் 8 ஓம் என்று முதுகில் எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா சுருதியிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 6 ஓமுக்கு இறங்கும், பாஸ் ஒலிக்கும் இடத்தில் 30 ஓமுக்கு ஏறும். பதினாலு முப்பத்தாறு ஒயர் 6 ஓம் இருக்கிற இடத்தில் 0.6 டெசிபல் தின்னும், 30 ஓம் இருக்கிற இடத்தில் 0.1 மட்டும் தின்னும். ஆக இசையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைவிட அரை டெசிபல் தாழ்ந்துபோகும். பழகிய காது இதைக் கண்டுபிடிக்கலாம். ஒயரை மாற்றியதும் சத்தமே வேறு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்கிற எல்லோரும் கற்பனை செய்கிறார்கள் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். பல வீடுகளில் ஸ்பீக்கரோடு இலவசமாக வந்த தலைமுடி ஒயர்தான் முதலில் இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டு எந்தத் தடித்த ஒயரைப் போட்டாலும் வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு. அந்தத் தடித்த ஒயர் லட்ச ரூபாய் ஒயராக இருந்துவிட்டால் பெருமை முழுவதும் லட்சத்துக்குப் போய்விடுகிறது.

மின்னோட்டம் கம்பியின் தோலில் ஓடும், உள்ளே ஓடாது என்பது கேபிள் விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாதம். இயற்பியல் உண்மைதான். ஆனால் நம் காதின் மேல் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில்கூட செம்பில் அந்தத் தோலின் ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு ஒயரின் தடிமனுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. கம்பியின் தூண்டல் என்று இன்னொன்று சொல்வார்கள். ஐந்து மீட்டர் இரட்டை ஒயரில் அது சுமார் 3 மைக்ரோஹென்றி. 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் உச்சகட்ட சுருதியில் குறைவது ஒரு டெசிபலில் நூற்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் இந்தப் பத்தியை நீட்டுவது வாசகரின் பொறுமைக்குச் செய்யும் துரோகம்.

கம்பியும் தடையும் நெய்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய விஷயம் அல்ல. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962-இல் சோவியத் உதவியோடு முதல் மின் உற்பத்தி நடந்த இடம். வடலூர்–விருத்தாசலம் சாலையில் இருக்கும் மந்தாரக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ வேலை பார்த்தவராக இருப்பார். இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரரிடம் கேபிள் இழுத்தவராக இருப்பார். 500 மெகாவாட் இயந்திரம் ஒன்று 21,000 வோல்ட் சுற்றில் மின்சாரம் தரும்போது மின்னோட்டம் 13,000 ஆம்பியரைத் தாண்டும். அதை அப்படியே ஊருக்கு ஊர் அனுப்ப எந்தக் கம்பியும் தாங்காது. டிரான்ஸ்பார்மரில் 400 கிலோவோல்ட்டுக்கு ஏற்றினால் அதே சக்திக்கு மின்னோட்டம் 720 ஆம்பியர் சொச்சமாக இறங்கிவிடும். கம்பியில் வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே கம்பியில் இழப்பு 360-இல் ஒரு பங்காகிவிடுகிறது. உயர் கோபுரங்கள் எல்லாம் நிற்பது இந்த ஒரு கணக்கின் மேல்தான்.

இதே கணக்கை வேறொரு கூட்டமும் பள்ளிக்கூடப் புத்தகம் இல்லாமலேயே கையில் வைத்திருந்தது. மைக் செட்காரர்கள்.

நெய்வேலியின் வேலுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காவடியும் கூட்டமும் சத்தமுமாக அந்த வட்டாரமே ஒன்று திரளும். அந்த மாதிரித் திருவிழாக்களுக்கு முன்பெல்லாம் மைக் செட் கட்டுவது என்றால் ஆம்ப்ளிபயர் ஒரு கொட்டகையில் இருக்கும். குழாய் ஸ்பீக்கர்கள் வேப்ப மரத்திலும் பனை மரத்திலும் மின்கம்பத்தின் பக்கத்து மூங்கிலிலும் தொங்கும். கடைசிக் குழாய் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும். நடுவில் போவது என்ன ஒயர்? பெரும்பாலும் மெல்லிசான, நூல் போன்ற ஒயர்தான். தோளில் ஒரு சுருள் போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் எறிந்து கட்டிவிடுவார்கள்.

நேரடியாகக் கணக்குப் போட்டால் இது நடக்கவே கூடாத காரியம். பதினாலு முப்பத்தாறு ஒயரில் நூறு மீட்டர் தூரம் என்றால் போக வர இருநூறு மீட்டர், தடை 8.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை அதன் முனையில் கட்டினால் ஸ்பீக்கரைவிட ஒயரே அதிகம் தின்னும். ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது கால் பங்குக்கும் குறைவு. ஆனால் அஹூஜா போன்ற ஆம்ப்ளிபயர்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 4, 8, 16 ஓம் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் இருக்கும். மைக் செட்காரர் ஒயரை 100 வோல்ட்டில் கட்டுவார். குழாயின் பின்னால் இருக்கும் யூனிட்டோடு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், அதை மறுபடி இறக்கிக் கொடுக்கும். 30 வாட் குழாய் ஒன்று இந்த இணைப்பில் ஒயருக்கு 333 ஓமாகத் தெரியும். 8.4 ஓம் அதில் இரண்டரை சதவீதம். ரோஜர் ரஸல் வந்து பார்த்தாலும் மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார். அனல் மின் நிலையம் 400 கிலோவோல்ட்டில் செய்வதை வேப்ப மரத்தடியில் நூறு வோல்ட்டில் செய்திருக்கிறார்கள். நாதம் எப்படி இருந்தது என்று கேட்கக் கூடாது. அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரும் குழாயும் சேர்ந்து பாஸை மொத்தமாக வழித்துப் போட்டுவிடும். ஆனால் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும், அதுதானே வேண்டியது.

பிறகு கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை வந்தது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும் என்று காவல் துறை அனுமதிச் சீட்டிலேயே எழுத ஆரம்பித்தது. இரவு 10 முதல் காலை 6 வரை எதுவும் கூடாது என்பது 2000-இல் வந்த ஒலி மாசு விதி. பெட்டிகள் வந்ததும் ஒயரும் மாறிவிட்டது. அவை 4 ஓம், 8 ஓம் சரக்கு, நூற்றுக்கணக்கான வாட் கேட்பவை. மெல்லிய ஒயர் அங்கே சூடாகும். அதனால் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது, இடையில் கைவிரல் தடிமனுக்குக் கேபிள். இன்று மேடை கட்டுகிற இளைஞர்களைக் கேட்டாலும் இதே தர்க்கத்தைத்தான் சொல்வார்கள்: தூரத்தைக் குறை, தடிமனைக் கூட்டு. தங்கள் பிழைப்புக்கே கேபிளை நம்பியிருக்கும் இவர்கள் மீட்டர் இருபதாயிரம் ரூபாய்க் கேபிள் வாங்குவதில்லை என்பதை வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, காதை வைத்தே சோதித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லையா? இருக்கிறார்கள். ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை 1983 ஆகஸ்ட் இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய சோதனையை வெளியிட்டது. மான்ஸ்டர் கேபிள், சாதாரண 16 கேஜ் ஒயர், மிக மெல்லிய 24 கேஜ் ஒயர் மூன்றும் மறைத்து வைத்துக் கேட்கப்பட்டன. மெல்லிய ஒயரைக் கேட்டவர்கள் அடையாளம் கண்டார்கள். ஒலி அளவைச் சமமாக்கியபின் 16 கேஜுக்கும் மான்ஸ்டருக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 1991-இல் பிரெட் டேவிஸ் என்பவர் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் பன்னிரண்டு வகைக் கேபிள்களை அளந்து கட்டுரை எழுதினார். கேபிள்களுக்குள் அளக்கக்கூடிய வித்தியாசம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. தடையும் தூண்டலும் குறைந்தவை நன்றாக வேலை செய்கின்றன, 12 கேஜ், அதாவது நம் கணக்கில் மூன்றேகால் சதுர மில்லிமீட்டர் சொச்சம், கடுமையான பயன்பாட்டுக்கே தாராளம் என்பது அவர் முடிவு.

இன்னொரு சோதனை கேபிளைப் பற்றியதே இல்லை, ஆனால் இந்த விவகாரத்தின் குடுமி அதில்தான் இருக்கிறது. ஜேபிஎல் ஸ்பீக்கர்களின் உரிமையாளரான ஹார்மன் நிறுவனத்தில் 1994-இல் பிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நாற்பது ஊழியர்களை உட்கார வைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு தடவை திரைக்குப் பின்னால், ஒரு தடவை கண் பார்க்க. கண் பார்த்தபோது பெரிய, அழகான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. திரை போட்டபோது அந்தச் சின்னப் பெட்டி நன்றாகவே தேறியது. கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. 2008-இல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது சுவை கூடுதல் என்று சொன்னதோடு, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அதிகமாக வேலை செய்திருந்தது. மூன்று லட்ச ரூபாய்க் கேபிள் மாட்டியவருக்கு உண்மையாகவே பாட்டு இனிக்கிறது. அந்த இனிப்பு செம்பில் இல்லை, அவ்வளவுதான். அதைப் போய்க் கெடுப்பானேன் என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்வி. காசு கொட்டிக் கிடப்பவர் எந்த நகை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். கடன் அட்டையைத் தேய்த்து வாங்கப் போகிற இளைஞரைத்தான் தடுக்கத் தோன்றுகிறது.

செம்பு என்றதும் ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்கிற விளம்பரம் நினைவுக்கு வரும். மின்பகுப்பில் சுத்திகரித்த சாதாரணக் கம்பிச் செம்பே 99.9 சதவீதத்துக்கு மேல் தூய்மையானது. ஆக்சிஜனையும் நீக்கினால் மின்கடத்தும் திறன் ஒரு சதவீதம் கூடலாம். அந்த ஒரு சதவீதத்தை ஐந்து மீட்டர் ஒயரில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்தும் பெற்றுவிடலாம். உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. சந்தையில் தடித்த, கண்ணாடி உறை போட்ட, பார்க்க லட்சணமான ஸ்பீக்கர் ஒயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பலவற்றின் உள்ளே இருப்பது அலுமினிய இழை, மேலே செம்புப் பூச்சு மட்டும். அலுமினியம் செம்பில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். ரெண்டரை என்று வாங்கியது ஒன்றரையாகத்தான் வேலை செய்யும். மேலும் திருகாணியில் இறுக்கினால் இழைகள் நசுங்கி, நாளாக நாளாக இணைப்புத் தளரும். கண்டுபிடிப்பது சுலபம். இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். இன்னும் சுலபம், தராசு. ரெண்டரை இரட்டை ஒயர் ஒரு மீட்டரில் செம்பு மட்டுமே 45 கிராம் இருக்க வேண்டும், உறையின் எடை தனி. கையில் எடுத்ததும் பஞ்சு மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். கடைத்தெருவில் வீட்டு ஒயரிங்குக்கு விற்கிற, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நல்ல கம்பெனி பிளெக்சிபிள் ஒயர் இந்த விஷயத்தில் ஆடியோ கடைச் சரக்கைவிட நம்பகமானது. அழகு குறைவு. சோபாவுக்குப் பின்னால் போகிற ஒயருக்கு அழகு எதற்கு?

ஸ்பீக்கர் கேபிளோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சுவர் பிளக்கிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வரும் மின்கம்பியையே ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். இதை நெய்வேலிச் சாம்பல் படிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு படித்தால் சிரிப்பை அடக்க முடியாது. பழுப்பு நிலக்கரி எரிந்து, டர்பைன் சுற்றி, கோபுரக் கோபுரமாக அலுமினியக் கம்பியில் போய், துணை மின் நிலையங்களில் இறங்கி, தெரு டிரான்ஸ்பார்மரில் இன்னொரு முறை இறங்கி, பீங்கான் பியூஸ் கட்டையில் வளைத்துச் செருகிய ஒரு துண்டுக் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்த மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டரில் தங்கமுலாம் பூசிய கேபிளைப் பார்த்ததும் புனிதமடையும் என்று நம்ப வேண்டும். ஜப்பானில் இதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மின்சாதனங்களின் கலப்படம் வேண்டாம் என்று டோக்கியோ வக்கீல் ஒருவர் தன் வீட்டுக்கு மட்டும் தனி மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் நிறுத்திக்கொண்டதை 2016-இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுதியது. சொல்லப்போனால் அவர் செய்தது மின்கம்பி வாங்குவதைவிட அறிவுள்ள காரியம். தனி டிரான்ஸ்பார்மர் கொஞ்சமாவது வேலை செய்யும். நீர் மின்சாரத்துக்கு ஒரு நாதம், அனல் மின்சாரத்துக்கு ஒரு நாதம் என்று அந்த நாட்டு ரசிகர்களைக் கேலி செய்யும் நையாண்டியும் அங்கே உலவுகிறது. பழுப்பு நிலக்கரி நாதம் எப்படி இருக்கும் என்று யாரும் இன்னும் எழுதவில்லை போலிருக்கிறது.

இந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதற்குப் பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, சிமெண்ட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் ஒலியும், பன்னிரண்டடிச் சுவர்களுக்கு நடுவே 48 ஹெர்ட்ஸ் ஒலியும் மாட்டிக்கொண்டு முட்டி மோதும். மூலையில் உட்கார்ந்தால் அந்த சுருதிகள் காதை அடைக்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். இந்த ஏற்ற இறக்கம் பத்துப் பதினைந்து டெசிபல் வரை போவது சாதாரணம். கேபிளில் 0.09 டெசிபலுக்குச் சண்டை போடுகிறவர் நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் நூறு மடங்கு மாற்றம் கிடைக்கும், செலவு இல்லை. தடித்த ஜமுக்காளம், துணி நிறைந்த திறந்த அலமாரி, புத்தக ஷெல்ஃப் எல்லாமே எதிரொலியைக் குடிக்கும். ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வருவதை ஒலித்தர மேம்பாட்டுச் செலவு என்று வீட்டில் கணக்குக் காட்டவும் வழி இருக்கிறது.

அப்புறம் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. சித்திரை வெயிலில் அதை நிறுத்திவிட்டு வீணையின் கடைசி அதிர்வை ரசிக்கிற மகான் யாரும் மந்தாரக்குப்பத்தில் இல்லை. ஐந்தில் ஓடும் விசிறிச் சத்தம் எந்தக் கேபிளாலும் வரக்கூடிய நுட்பங்களை எல்லாம் மூடிவிடும். காதின் வயதும் உண்டு. அறுபது வயதில் பெரும்பாலோருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் கேட்பதில்லை. டர்பைன் கூடத்திலும் கன்வேயர் ஓரத்திலும் காலம் கழித்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே பள்ளம் விழுந்திருக்கலாம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பின் அடையாளமே அந்த இடம்தான். பணி ஓய்வுப் பணத்தில் ஆடியோ செட் வாங்க நினைப்பவர் முதலில் காது பரிசோதனை ஒன்று செய்துகொள்வது உத்தமம்.

எழுபது, எண்பதுகளில் இந்தப் பக்கத்துப் பையன்கள் இதையெல்லாம் வேறு விதமாகச் செய்தார்கள். 2என்3055 டிரான்சிஸ்டரிலும், பிறகு 4440 ஐசியிலும் ஆம்ப்ளிபயர் அசெம்பிள் செய்து, ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து மாட்டினார்கள். பானைக்குப் பாஸ் நன்றாக வரும் என்று நம்பிக்கை. பானையின் உள்காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒத்ததிர்வதால் அது பாதி உண்மையும் கூட. ஒரே ஒரு சுரத்தில் மட்டும் பாஸ் நன்றாகவே வந்தது. ஆனால் பானையின் அளவை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்பதைக் கேட்டு, மாற்றி, மறுபடி கேட்டுக் கண்டுபிடித்தார்கள். விலைச்சீட்டைப் பார்த்துக் கேட்கவில்லை.

அதே முறையில் கேபிளையும் சோதிக்கலாம். பழைய ஒயர், புது ஒயர் இரண்டையும் சம நீளத்தில் எடுத்துக்கொண்டு, மாற்றுகிற வேலையை வேறொருவரிடம் விட வேண்டும். அவர் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று என்று மாட்டுவார். கேட்பவர் எது என்று எழுதி வைப்பார். பதினாறு முறை செய்து பன்னிரண்டு சரியாக இருந்தால் அது வெறும் குருட்டதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றில் நாலுதான். அப்போது அந்தக் கேபிளை மரியாதையோடு பார்க்கலாம். எட்டு, ஒன்பது என்று வந்தால் திருப்பிக் கொடுக்க பில்லைத் தேடலாம். ஒரு நிபந்தனை: இரண்டிலும் ஒலி அளவு சமமாக இருக்க வேண்டும். துளி சத்தம் கூடினாலும் மனிதக் காது அதை ‘தெளிவு’ என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். ஒயரைக் கழற்றி மாட்டும்போது பச்சை பூத்துக் கிடந்த பழைய முனை சுத்தமாகி, அதனால் மட்டுமே சத்தம் மேம்படுவதும் உண்டு. கடலூர் மாவட்டக் காற்றின் ஈரத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை முனையை வெட்டிப் புதிதாக உரித்து இறுக்குவது எந்த வெள்ளிக் கேபிளையும்விடப் பலன் தரும்.

கேபிளில் நடக்கிற உண்மையான பெரிய தவறு ஒன்றுக்கு விலையே கிடையாது. இடது ஸ்பீக்கரில் சிவப்பு சிவப்புக்கும், வலது ஸ்பீக்கரில் சிவப்பு கறுப்புக்கும் போய்விட்டால், ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றொன்று பின்னால் இழுக்கும். பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிப்போவார். நிறமில்லாத பழைய இரட்டை ஒயரில் இந்தக் குழப்பம் சகஜம். மைக் செட்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் கருவி, டார்ச்சுக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரி. ஆம்ப்ளிபயர் பக்கம் கழற்றிய ஒயர் முனைகளை அதில் ஒரு நொடி தொட்டு எடுப்பார்கள். கூம்புத்தாள் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸைத் தொட்ட கம்பிதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே போனால் மற்றது. அந்தக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார்கள்.